ஓரணா

முதல் புகார் ஒரு தாளில் வந்தது.
முப்பத்திரண்டு வருடம் வங்கியில் பணம் எண்ணிய கை,
எழுத்தையும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது:
‘தங்கள் அறையிலிருந்து நாற்றம். பதினாறணா.
ஆவன செய்யவும். சாத்தப்பன், பக்கத்து அறை.’

பதினொரு பங்காகப் பிரிந்த வீடு இது, பள்ளத்தூரில்.
கதவுக்குக் கதவு பூட்டு,
சாவிகள் கோலாலம்பூரில், கோயம்புத்தூரில்,
ஒன்று கோர்ட்டில்.
ரெண்டாங்கட்டில் ஒரு சாமான் அறை
மாதம் தொள்ளாயிரத்துக்கு எனக்கு.
சன்னல் இல்லை, வெயில் இல்லை, ஈரம் போகாது.
மனுசருக்கு ஆகாததெல்லாம் காளானுக்கு ஆகும்.
நூற்றிருபது பை தொங்குகிறது
பாலாடை நிறத்தில் காது முளைத்து.

நாற்றமா? எனக்குத் தெரியாது.
அந்தக் காய்ச்சல் வருடம் போன மூக்கு திரும்பவில்லை.
ரசம் சுடுகிறதா ஆறிவிட்டதா,
அவ்வளவுதான் எனக்கு ரசம்.
காளானுக்கு வந்தது அதற்கப்புறம்.
வெந்த வைக்கோல் எப்படி மணக்கும் என்று
கேள்விதான் பட்டிருக்கிறேன்.

இருபது லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று எடுத்தேன்.
காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் ஓட்டை.
உள்ளே கொசுவலை, இரண்டு மடிப்பு.
அதற்குள் கொட்டாங்கச்சிக் கரி,
சுண்டைக்காய் அளவுக்கு உடைத்தது.
ரஸ்தா சிக்கந்தர் காயில் சுற்றித் தந்த
பழைய குளியலறை ஃபேன் அதன் வாயில்.
இடுக்கெல்லாம் சைக்கிள் ட்யூப், எம்சீல்.

கரியைக் கழுவிக் காயவைக்கணும் என்று
யாரும் சொல்லவில்லை.
சுவிட்சைத் தட்டியதும் வாளி தும்மியது.
முட்டை வெள்ளைக்கரு பூசி
முகம் பார்க்கலாம் என்று பங்காளிகள் பீற்றும் சுவரில்
எருமை உரசிப் போன மாதிரி ஒரு கறுப்பு.
இரண்டாம் தாளில் சுவரும் இருந்தது.

அன்றைக்குத்தான் அவர் கதவைத் தட்டினேன்.
“எனக்கு மூக்கு இல்லைங்க.
குறைஞ்சிருக்கா இல்லையான்னு
நீங்கதான் வந்து சொல்லணும்.”
அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து,
மாட்டாமலே வந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார்.
வாசல்படியில் நின்று கண்ணை மூடுவார்.
“ஒம்பதணா.”
மொட்டைமாடியில் கரியை வெயிலுக்குப் போட்டேன்.
“எட்டு. எட்டரைன்னும் சொல்லலாம்.”
மறுபடி யோசித்ததில் பிடிபட்டது:
வாளி வடிகட்டுகிறது, கதவிடுக்கு கசிகிறது.
காற்றைத் தள்ளக் கூடாது, இழுக்கணும்.
ஃபேனைத் திருப்பி மாட்டி
குழாயைப் பின்சந்துக்கு விட்டு
ஊதுபத்தியைக் கதவிடுக்கில் பிடித்தேன்.
புகை உள்ளே சாய்ந்தது,
விருந்துக்கு அழைத்த மாதிரி.

“மூணணா” என்றார் அன்று.
“அது என்ன மாதிரி இருக்கு?” என்று கேட்டேன்.
அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.
கிழிந்த நோட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறவர் போல
வெகுநேரம் நின்றார்.
“நனைஞ்ச சாக்கு. சுண்ணாம்பு.
அப்புறம் கொஞ்சம்… சோம்பு.”
“சோம்பா?”
“சோம்பு மாதிரி. கெட்டதுன்னு சொல்ல முடியாது.”

ராத்திரி ஒரு பிடி சோம்பை மென்று பார்த்தேன்.
சத்தம் மட்டும் கேட்டது.
இருந்தும் பைகளுக்கு நடுவில் போய்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில் கரி நமுத்து
ஒரு நாள் ஐந்துக்கு ஏறியது.
வெயில் வந்ததும் இறங்கி
ஓரணாவில் நின்றது.
பத்து நாள், இருபது நாள், அதே ஓரணா.

இந்த வாரம் அறுவடை முடிந்து பையெல்லாம் கழித்தாயிற்று.
தரை கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு,
அறை மொட்டையாகக் கிடக்கிறது.
புது வித்து வெள்ளிக்கிழமைதான் வரும்.

ஆறு மணிக்கு வந்தார்.
கண்ணாடி கையில், கண் மூடி.
“ஓரணா இருக்கு” என்றார்.

கணக்குச் சரிபார்க்க என்னிடம் மூக்கு ஏது?
“இருக்கும்” என்றேன்.
ஃபேனைப் போட்டேன்.
“நாளைக்கும் பாருங்க.”